இரண்டு பேர் பேசிக்கொள்ள ஒரு சாக்கு

கேள்வி: ரித்தேஷ் பத்ரா இயக்கிய ‘போட்டோகிராஃப்’ படம் பார்த்தேன். தெருவில் போட்டோ எடுக்கும் ஒருவர், சி.ஏ. படிக்கும் ஒரு பெண். வயது, மதம், வசதி எதிலும் பொருத்தமில்லை. காதலிக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் சேர்ந்தார்களா என்பதும் தெரியவில்லை. எல்லோரும் இதை அருமையான காதல் படம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. இதில் காதல் எங்கே இருக்கிறது?

பதில்: காதல் இருக்கிறது. வசனத்தில் இல்லாததால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். யார் யாருக்காக என்ன மெனக்கெடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தால் படம் முழுக்கக் காதல்தான் நடக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த படம். ராஃபி உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்து, அங்கேயே பிரின்ட் போட்டுக் கொடுப்பார். நவாசுதீன் சித்திக்கி நடித்திருக்கிறார். சான்யா மல்ஹோத்ரா நடித்த மிலோனி நடுத்தரக் குஜராத்திக் குடும்பத்துப் பெண். நன்றாகப் படிக்கிறவள். கோச்சிங் சென்டர் விளம்பரப் பலகையில் அவள் முகம் இருக்கிறது. ஒருநாள் ராஃபி அவளைப் படமெடுக்கிறார், அவள் காசு கொடுக்காமலே கூட்டத்தில் போய்விடுகிறாள். ஊரில் ராஃபியின் பாட்டி, பேரன் கல்யாணம் செய்துகொள்ளாதவரை மருந்து சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். வேறு வழி தெரியாத ராஃபி அந்தப் படத்தை அனுப்பி, இவள்தான் பெண், பெயர் நூரி என்று எழுதிவிடுகிறார். பாட்டி சந்தோஷத்தில் ரயிலேறி மும்பைக்கே வந்துவிடுகிறார். ராஃபி மிலோனியைத் தேடிப்பிடித்து, பாட்டி முன்னால் மட்டும் நூரியாக இருக்க முடியுமா என்று கேட்கிறார். அவள் சம்மதிக்கிறாள்.

இவ்வளவு பெரிய பொய்க்கு ஒரு பெண் ஏன் சம்மதிக்கிறாள்? உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் போட்டோவில் இருக்கும் பெண் தன்னைவிடச் சந்தோஷமாக, தன்னைவிட அழகாக இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. வீட்டில் அவள்மேல் எல்லோருக்கும் பாசம்தான். ஆனால் என்ன படிப்பது, யாரைப் பார்ப்பது என்று அவளுக்கான முடிவுகளையெல்லாம் அவர்களே எடுத்துவிடுகிறார்கள். அவள் தலையாட்டினால் போதும். நூரியாக இருக்கும் நேரத்தில்தான் அடுத்து என்ன பேசுவது என்று அவள் தானாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் இந்தப் படத்தைத் திரையிட்டோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டியே ஊர்கள். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். சினிமாவும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கேரளத்தில் ஃபிலிம் சொசைட்டிப் பழக்கம் பழையது. இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து, நாலு பேர் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து முடித்துப் பேசுவது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. அன்றைக்கும் படம் முடிந்ததும் ஒரு இளைஞர் நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார். பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா பதில் சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு அவங்க ஊட்டுல ஒருத்தராச்சும் கேட்டாங்களா? இவந்தானுங்களே கேட்டான்.”

அதற்குமேல் எனக்குச் சொல்ல அதிகமில்லை. அவர் எந்தக் காட்சியை நினைத்துச் சொன்னார் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

சின்ன வயதில் தாத்தா வாங்கிக் கொடுத்த காம்பா கோலாவைப் பற்றி மிலோனி ஒருமுறை சொல்கிறாள். போகிற போக்கில் சொல்வதுதான். தாத்தா போன பிறகு அவள் கோலா குடிப்பதையே விட்டுவிட்டாள். ராஃபி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கடையில் கிடைக்காத அந்தப் பானத்தை விசாரித்து விசாரித்து, கடைசியில் அதைத் தயாரித்த ஆளையே தேடிப் போகிறார். 1977-இல் கோகோ கோலா நாட்டைவிட்டுப் போனபோது அந்த இடத்தைப் பிடித்த பானம் காம்பா. தொண்ணூறுகளில் பெப்சியும் கோக்கும் வந்து உட்கார்ந்த பிறகு மங்கிப்போனது. 2022-இல் ரிலையன்ஸ் அதை வாங்கி மறுபடி கடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இன்று பெட்டிக்கடையில் காம்பாவைப் பார்க்கிறவர்களுக்கு ராஃபியின் தேடல் புரியாமல் போகலாம். படம் வந்த ஆண்டில் அது கிட்டத்தட்ட இல்லாத பொருள். ஒருத்தி நினைவில் மட்டும் இருந்த ஒன்றை அவள் கேட்காமலே தேடி அலைவதைக் காதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பூங்கொத்தோடு மண்டியிடும் நாயகனைவிட எனக்கு இந்த மனிதர்மேல் நம்பிக்கை அதிகம்.

இந்த வகைப் படங்களைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் ஒன்றைத்தான் பார்ப்பேன்: முன்பின் தெரியாத இருவர் தொடர்ந்து பேசிக்கொள்ள இயக்குநர் என்ன சாக்கு கொடுக்கிறார்? தனிமையில் இருக்கிறவர்களுக்குப் பேச ஆசை இருக்கும், காரணம் இருக்காது. காரணமில்லாமல் ஒரு ஆணும் பெண்ணும் பேசினால் ஊர் காரணம் கண்டுபிடித்துவிடும். அதனால் வெளியில் காட்டிக்கொள்ள ஒரு வேலை வேண்டும். அந்த வேலை நம்பும்படி இருந்தால் படம் பாதி ஜெயித்த மாதிரி.

எங்கள் பக்கம் இதைப் பால் சொசைட்டியில் பார்க்கலாம். காலையில் பால் ஊற்ற வரும் வரிசையில் மனைவியை இழந்த ஒருவர், கணவரைப் பிரிந்து தாய் வீட்டோடு வந்துவிட்ட ஒரு சேச்சி. அவர் தமிழில் கேட்பார்: “பசுவுக்கு மடிவீக்கம் வத்திருச்சுங்களா?” சேச்சி மலையாளத்தில் சொல்வார்: “மாறி.” சரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கொழுப்பு எவ்வளவு வந்தது, பருத்திக்கொட்டை விலை என்ன ஆனது என்று கேன் காலியாகும்வரை பேச்சு. தினமும் இதே பேச்சுத்தான். சேச்சி ஒருநாள் வரவில்லை என்றால் அவர் அளவுக்காரரிடம், “அந்த வீட்டுப் பால் வரலையா?” என்று பாலைப் பற்றி விசாரிப்பார். இதில் காதல் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. பத்ராவின் ‘லஞ்ச் பாக்ஸ்’, ‘போட்டோகிராஃப்’ இரண்டும் இந்தக் கவனத்தைத்தான் படமெடுக்கின்றன.

அவருடைய முதல் படமான ‘லஞ்ச் பாக்ஸ்’ இந்த விஷயத்தில் இன்னும் தேர்ந்தது. 2013-இல் கான் திரைப்பட விழாவில் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. மும்பையில் டப்பாவாலாக்கள் கொண்டுபோகும் சாப்பாட்டு அடுக்கு ஒன்று ஆள் மாறிப் போகிறது. கணவன் கண்டுகொள்ளாத இளா சமைத்தது, ஓய்வுபெறப் போகும் அரசு ஊழியர் சாஜன் பெர்னாண்டஸின் மேசைக்கு வந்துவிடுகிறது. டப்பாவுக்குள் ஒரு சீட்டு, அதற்குப் பதில் சீட்டு, அப்புறம் தினமும். அருமையான சாக்கு. சாப்பாடு தினமும் போயாக வேண்டும், காலி டப்பா தினமும் திரும்பி வந்தாக வேண்டும், யாரும் எதுவும் கேட்க முடியாது.

கடைசியில் ஒரு ஓட்டலில் சந்திக்கலாம் என்று முடிவாகிறது. இளா வந்து காத்திருக்கிறாள். சாஜன் வரவில்லை என்றுதான் நாமும் நினைக்கிறோம். அடுத்த சீட்டில் உண்மை தெரிகிறது. அவர் வந்திருக்கிறார், வேறு மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலை குளியலறையில் தன் தாத்தாவின் வாசனை அடித்ததாம். யோசித்துப் பார்த்தால் அது தன்மேல் அடிக்கும் வாசனைதான். ரயிலில் ஒரு இளைஞன் எழுந்து இடம் கொடுக்கிறான். தனக்கு வயதாகிவிட்டது என்பது ஒரே காலையில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பொருத்தமின்மையை இதைவிட நேர்மையாகச் சொன்ன காட்சி எனக்கு நினைவில்லை. அப்பா எதிர்க்கவில்லை, வில்லன் வரவில்லை, ஜாதி மதம் குறுக்கே நிற்கவில்லை. ஒரு வாசனை போதுமாக இருக்கிறது.

நம் ஊர்ப் படத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1996-இல் வந்த ‘காதல் கோட்டை’ நினைவிருக்கும். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அங்கேயும் முகம் தெரியாத இரண்டு பேர்தான். ரயிலில் தொலைந்த சான்றிதழ்களை ஒருவன் அனுப்பிவைக்க, கடிதத்திலேயே காதல் வளர்கிறது. அவன் ஓட்டும் ஆட்டோவில் அவளே ஏறிப் போகிறாள், இருவருக்கும் தெரியவில்லை. தியேட்டரே தவித்தது. கடைசியில் ரயில் நிலையத்தில், அவள் அனுப்பிய ஸ்வெட்டர் அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. எனக்கு அந்தப் படம் இன்றும் பிடிக்கும். ஆனால் அங்கே இருவருக்கும் நடுவில் இருப்பது தூரம் மட்டும்தான். சந்தித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ‘லஞ்ச் பாக்ஸ்’, ‘போட்டோகிராஃப்’ இரண்டிலும் சந்திப்பதால் எதுவும் தீராது. சந்தித்த பிறகுதான் வயதோ மதமோ வீடோ கண்ணில் படுகிறது. நீங்கள் முதல் வகைப் படத்துக்குப் பழகிய கண்ணோடு இரண்டாம் வகைப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதனால் ஒன்றும் நடக்காத மாதிரி தெரிந்திருக்கும்.

மலையாளத்தில் 1987-இல் பத்மராஜன் எடுத்த ‘தூவானத்தும்பிகள்’ எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனிச் சொந்தம். கிராமத்தில் கருமியான விவசாயி, டவுனுக்குப் போனால் ஆளே வேறு என்று வாழும் ஜெயகிருஷ்ணன் ஒரு பக்கம். விலைமகளாகும் பாதையில் கால் வைக்கப்போகும் கிளாரா இன்னொரு பக்கம். அங்கே சாக்கு ஒரு பொய்க் கடிதம். கன்னியாஸ்திரி எழுதுகிற மாதிரி ஜெயகிருஷ்ணன் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்தேயிராத பெண்ணுக்காக அவன் எழுதும்போது மழை பிடித்துக்கொள்கிறது. முடிவு ஒற்றப்பாலம் ரயில் நிலையத்தில். கிளாரா கணவனோடும் குழந்தையோடும் வந்து நிற்கிறாள். பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், வண்டி போகிறது. அந்த ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான்.

ரயில் நிலையம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1945-இல் டேவிட் லீன் எடுத்த ‘ப்ரீஃப் என்கவுன்டர்’. இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் கல்யாணமானவர்கள். வியாழக்கிழமைகளில் ஸ்டேஷன் டீக்கடையில் சந்திப்பார்கள். ரயில் போனபோது அவள் கண்ணில் விழுந்த கரித்தூளை அவன் எடுத்துவிட்டதுதான் ஆரம்பம். இனிப் பார்க்கவே போவதில்லை என்று இருவரும் உட்கார்ந்திருக்கும் கடைசி நிமிடங்களில், அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்து லொடலொடவென்று பேச ஆரம்பித்துவிடுகிறாள். விடைபெற முடியவில்லை. வண்டி வந்துவிட்டது. அவன் எழுந்து, போகும்போது அவள் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறான். போய்விடுகிறான். அந்த வாயாடிப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. எல்லையோர பஸ் ஸ்டாண்டுகளில் தெரிந்தவர் வந்து நிற்பதால் பாதியில் அறுந்த பேச்சுகளை நிறையப் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எண்பது வருடம் பழைய அந்த இங்கிலாந்துப் படம் எனக்கு அன்னியமாகவே தெரியவில்லை.

‘போட்டோகிராஃப்’பிலும் அந்த ஊர்க்கண் இருக்கிறது. ராஃபி மும்பையில் எங்கே போனாலும் யாராவது ஒருவர், “பாட்டி மருந்தை நிறுத்திட்டாராமே” என்று கேட்டுவிடுகிறார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தில் அந்த மனிதர் தன் கிராமத்தை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறார். அப்பா விட்டுப்போன கடனை அடைத்து ஊர் வீட்டை மீட்பதற்காகத்தான் அவர் இத்தனை வருடம் உழைப்பதும். நாலைந்து பேரோடு ஒரே அறையில் படுக்கிறார், ஆனாலும் தனி ஆள். மிலோனியின் வீட்டிலும் அறை நிறைய ஆட்கள், அவளும் தனி ஆள். இந்த இரண்டு தனிமையும் ஒரே மாதிரி என்று படம் சொல்லவில்லை. ராஃபிக்குப் பணம் இருந்தால் பாதித் தனிமை தீரும். மிலோனிக்கு அப்படி இல்லை. வேலைக்காரப் பெண்ணிடம் அவள் ஊரைப் பற்றிக் கேட்கும்போதும், வரன் பார்க்க வந்தவனிடம் எங்கே வாழ ஆசை என்பதற்குக் கிராமத்தில் என்று சொல்லும்போதும், அவள் தேடுவது ராஃபியை மட்டும் அல்ல என்று தெரிகிறது. அவரோடு வரும் இன்னொரு வாழ்க்கையும் அவளுக்கு வேண்டும். இது ஆபத்தான கனவு. கிராமத்தில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். மிலோனிக்கு வசனம் ரொம்பக் குறைவு. கூச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சில இடங்களில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது இயக்குநருக்கே தெரியவில்லையோ என்று தோன்றும். ‘லஞ்ச் பாக்ஸ்’ இளாவுக்கு மாடி வீட்டு ஆன்ட்டி இருந்தார். முகமே காட்டாமல், ஜன்னல் வழியே குரலாக மட்டும் வந்து, கயிற்றில் கூடை இறக்கி, இளாவைப் பேசவைப்பார். மிலோனிக்கு அப்படி ஒரு துணை அமையவில்லை. அந்தப் பொறுப்பைப் பாட்டியாக வரும் ஃபரூக் ஜாஃபர் தனியாகச் சுமக்கிறார். வாய்நிறையப் பேசும் அந்தக் கிழவி வந்ததும் படத்துக்கு உயிர் வருகிறது, அவர் இல்லாத இடங்களில் தளர்கிறது. ராஃபியின் அறையில் தூக்குப் போட்டுச் செத்தவரின் ஆவி வந்து பேசும் காட்சியை நண்பர்கள் சிலர் தேவையில்லை என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஊரைவிட்டு வந்து, கல்யாணமும் ஆகாமல், ஒரு அறையிலேயே முடிந்துபோன ஒருவர் என்ன ஆவார் என்று ராஃபிக்கு முன்கூட்டியே காட்டுகிற காட்சி அது.

இனி முடிவு. இருவரும் தியேட்டரில் படம் பார்க்கிறார்கள். மிலோனி பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள். பின்னால் வரும் ராஃபி, மிச்சக் கதையைத் தானே சொல்கிறார்: பெண் அழகாக இருப்பாள், பையன் ஏழை, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இந்தக் காலத்துப் படக்கதையெல்லாம் ஒரே மாதிரிதான். அவர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாட்டிக்காகச் சொன்ன பொய்யின் மறைவில்தான் இவ்வளவு நாள் பேசினார்கள். இப்போது ஒரு சினிமாக் கதையின் மறைவில், தங்களைப் பற்றி முதல்முறையாக நேராகப் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் தேடிய ‘காதலிக்கிறேன்’ இதுதான். பிரிவையும் சேர்த்தே சொல்லப்பட்டதால் காதில் விழாமல் போயிருக்கலாம்.

சேர்ந்தார்களா என்றால், என் கணிப்பு இல்லை என்பதுதான். கடன் பாக்கி, அவளுடைய பரீட்சை, இரண்டு வீடுகள், இரண்டு மதங்கள். படம் பார்த்த இன்னும் பலர் சேர்ந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்கும் படத்தில் இடம் இருக்கிறது. ‘லஞ்ச் பாக்ஸ்’ முடிவும் இப்படித்தான். சாஜன் டப்பாவாலாக்களோடு ரயிலில் அவளைத் தேடிப் போகிறார், கதவு திறந்ததா என்று காட்டுவதில்லை.

மறுபடி பார்க்க மனம் இருந்தால், முதலில் ‘லஞ்ச் பாக்ஸ்’ பாருங்கள், ஒரு வாரம் விட்டு ‘போட்டோகிராஃப்’ பாருங்கள். போனில் வேண்டாம், இரண்டிலும் முகங்கள்தான் கதை. ‘போட்டோகிராஃப்’ பார்க்கும்போது, பாட்டி ரயிலைவிட்டு இறங்கிய பிறகு மிலோனி யாரும் கேட்காமல் தானாகப் பேச்சைத் தொடங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். வீட்டிலும் வகுப்பிலும் எத்தனை, ராஃபியோடு எத்தனை என்று பிரித்துக் குறியுங்கள்.